வால்வை மாற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

பெயர் வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

அப்பா ஓட்டிய பெட்ரோல் கார் இப்போது இந்த வாசகியிடம் இருக்கிறது. ஒன்பது வயது, 1,10,000 கி.மீ. ஓடிய வண்டி. இரண்டு மாதமாக, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது. இரண்டு முறை அணைந்தே போய்விட்டது. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது ஓரிரு விநாடி ‘கடகட’வென்று சத்தம் வருகிறது. கல்லூரியில் படிக்கும் மகன் போனோடு இணைகிற சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கிச் சொருகிப் பார்த்திருக்கிறான். பி0011 என்ற எரர் கோட் வந்தது. ‘சோலனாய்டு வால்வு போயிடுச்சு’ என்று அவனே முடிவு கட்டி, புதிய பாகத்தையும் ஆன்லைனில் வரவழைத்துவிட்டான். ஒர்க்ஷாப்பில் கேட்டால், ‘வால்வோடு டைமிங் செயினையும் மாற்றணும், இது வீட்டில் செய்யுற வேலை இல்லை’ என்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகை பாகத்தின் விலையைப் போலப் பல மடங்கு.

“எங்களை ஏமாற்றுகிறார்களா? எஞ்சினைப் பிரிக்காமல் வால்வை மாற்ற முடியுமா? மகனைச் செய்யவிடலாமா? இல்லை, அந்த எரர் கோட்டை மட்டும் அழித்துவிட்டு ஓட்டலாமா?” என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: கடைசியாக ஆயில் மாற்றியபோது, ‘பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது’ என்று யாரோ சொல்ல, 20டபிள்யூ-50 ஊற்றினார்களாம். அதற்குப் பிறகு வண்டி 16,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது எரர் கோட்டுக்கு அல்ல, அந்தக் கடைசி இரண்டு வரிக்கு. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் பயம் ஒன்றைத் தீர்த்துவிடலாம்.

‘வால்வு’ என்ற சொல் உங்களைக் கலங்கவைத்திருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றையும் புகையையும் உள்ளே வெளியே விடுகிற இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் உண்டு. அவற்றைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். அது பெரிய வேலை. நீங்கள் கேட்பது அதுவல்ல. இது ஆயில் ஓட்டத்தைத் திருப்பிவிடுகிற ஒரு சின்னக் கருவி. கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். ஒரு முனையில் செப்புக்கம்பிச் சுருளும் வயர் சொருகும் கனெக்டரும், மறுமுனையில் வரிசையாகத் துளை போட்ட ஓர் உலோகக் குழல், அதற்குள் முன்னும் பின்னும் நகரும் ஒரு தண்டு. பெரும்பாலான எஞ்சின்களில் மேல்புறத்திலேயே ஒரு துளைக்குள் சொருகி, ஒரே ஒரு போல்ட்டில் பிடித்திருக்கும். எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. கை எட்டுகிற இடத்தில் இருந்தால் அரை மணி நேர வேலை.

அதன் வேலை என்ன? வண்டியின் கம்ப்யூட்டர், அதாவது இ.சி.யு., இந்தச் சுருளுக்கு விட்டுவிட்டு மின்சாரம் அனுப்புகிறது. தண்டு அதற்கேற்ப நகர்ந்து, எஞ்சின் ஆயிலை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள ஃபேஸர் என்ற திருப்பும் பகுதிக்குள் இந்த அறைக்கோ அந்த அறைக்கோ தள்ளுகிறது. ஆயிலின் அழுத்தத்தில் கேம் ஷாஃப்ட் சில பாகை முன்னேயோ பின்னேயோ திரும்புகிறது. இன்டேக் வால்வு திறக்கும் நேரம் மாறுவது அப்படித்தான். வண்டி பாரம் இழுக்கும்போது கேம் முன்னேறியிருந்தால், அதாவது வால்வு சீக்கிரமே திறந்தால், நல்லது. சும்மா நிற்கும்போது அது பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாமல் மாட்டிக்கொண்டால், இன்டேக் வால்வு திறக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் மூடியிருக்காது. எரிந்த புகை புதுக்காற்றோடு கலந்துவிடும். சிக்னலில் உங்கள் வண்டி நடுங்குவதும் அணைவதும் இதனால்தான் இருக்க வேண்டும்.

கவனித்தீர்களா? இந்தக் கருவி மின்சாரத்தில் இயங்கினாலும், கேமை உண்மையில் தள்ளுவது ஆயில். ஆயில் சரியில்லையென்றால் புத்தம் புதிய வால்வும் ஒன்றும் செய்ய முடியாது.

எரர் கோட் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

பி0011 என்றால், ‘இன்டேக் பக்க கேம் நான் சொன்ன இடத்தில் இல்லை, தேவைக்கு மேல் முன்னேறி நிற்கிறது’ என்று பொருள். அவ்வளவுதான். வால்வு கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் புகார் கொடுத்தால், திருகு பழுதா தொட்டி காலியா என்பது அந்தப் புகாரில் இருக்காது அல்லவா? உங்கள் மகன் திருகை மாற்றக் கிளம்பியிருக்கிறான். தொட்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இதற்குப் பக்கத்துக் கோட்டுகளையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பி0010 வந்திருந்தால் சந்தேகம் மின்சுற்றின் மேல்: சுருள், வயர், கனெக்டர். பி0016 வந்திருந்தால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும் கேம் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்போது இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். உங்கள் வண்டியில் பி0011 தனியாக வந்திருக்கிறது. இது ஓரளவு நல்ல செய்தி.

மகனிடம் இன்னொன்றும் கேளுங்கள். அந்த ஸ்கேனரில் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கோட் பதிவான நொடியில் எஞ்சின் வெப்பம் எவ்வளவு, சுழற்சி எவ்வளவு, வண்டி என்ன வேகத்தில் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படம் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ‘அழித்துவிட்டு ஓட்டலாமா’ என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அழித்தால் விளக்குதான் அணையும், கேம் அதே இடத்தில்தான் நிற்கும். சில நாளில் விளக்கு மறுபடி எரியும். இடையில், கண்டுபிடிக்க உதவும் தடயம் மட்டும் கையைவிட்டுப் போயிருக்கும்.

அந்தக் கெட்டி ஆயில்

20டபிள்யூ-50 கெட்ட ஆயில் இல்லை. அது வேறு எஞ்சினுக்கானது. இப்படி கேமைத் திருப்பும் அமைப்புள்ள பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயிலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அந்த வால்வுக்குள் ஆயில் போகிற இடைவெளிகள் அவ்வளவு நுண்ணியவை. (அந்த ‘டபிள்யூ’ எடையைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ‘வின்டர்’. குளிரில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைத்தான் முதல் எண் சொல்கிறது.) கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் அது மேலே ஏறி வர நேரமாகும். காலையில் நீங்கள் கேட்கிற ‘கடகட’ அந்த இடைவெளியில் வருகிற சத்தமாக இருக்கலாம். 16,000 கி.மீ. ஓடிய ஆயில் என்றால் கேட்கவே வேண்டாம். பல எஞ்சின்களுக்கு அந்தத் தூரத்துக்குள் ஆயிலை மாற்றியிருக்க வேண்டும். அது கறுத்துக் கசடாகி, அந்த நுண்ணிய துளைகளில்தான் முதலில் போய் உட்காரும்.

ஆகவே முதல் வேலை, நாளைக் காலையில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, உருவிப் பார்ப்பது. வண்டி சமதரையில், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது, வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன தரத்தில் புது ஆயிலும் புது ஃபில்டரும். உள்ளே உள்ள கசடை ஒரே நாளில் கரைத்துவிடலாம் என்று விற்கும் ‘ஃபிளஷ்’ திரவங்களை இவ்வளவு அழுக்கு சேர்ந்த எஞ்சினில் ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன். பெயர்ந்து வருகிற கசடு, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். அதைவிட, இந்த முறை ஊற்றிய ஆயிலை 1,500 அல்லது 2,000 கி.மீ.யிலேயே மறுபடி மாற்றிவிடுங்கள். கொஞ்சம் செலவுதான், ஆனால் அழுக்கு மெதுவாக, பத்திரமாக வெளியேறும்.

ஆயில் மாற்றுவதை மட்டும் ஒர்க்ஷாப்பில் செய்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். அதற்கு வண்டியின் அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலை நுழைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

வால்வைக் கழற்றிப் பார்ப்பது

புது ஆயிலில் சில நூறு கி.மீ. ஓடிய பிறகும் பி0011 திரும்பி வந்தால், அப்போது மகன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கலாம். மேலிருந்தே கை எட்டுகிறது என்றால் மட்டும். சில வண்டிகளில் இது எஞ்சினின் பின்புறம், எஞ்சினையும் உட்காரும் பகுதியையும் பிரிக்கும் தடுப்புச்சுவரை ஒட்டி ஒளிந்திருக்கும், அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

எஞ்சின் முழுதாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவையுங்கள். வால்வைச் சுற்றியுள்ள தூசியை முதலில் துடைத்துவிட வேண்டும். கழற்றியதும் அந்தத் துளை வாய் திறந்து நிற்கும், விழுகிற மண் நேரே ஆயில் பாதைக்குள் போகும். அடியில் ஆல்டர்னேட்டர் இருந்தால் அதன் மேல் ஒரு துணி போடுங்கள்.

கனெக்டரில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். ஒன்பது வருடம் வெந்த பிளாஸ்டிக் அது. வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடலைப் பிடித்து உருவ வேண்டும். உருவியதும் உள்ளே பாருங்கள்: ஆயில் ஊறியிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, பின் ஏதாவது பின்னால் தள்ளிப் போயிருக்கிறதா? தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே வண்டிக்கு இரண்டு வால்வு மாற்றியும் விளக்கு அணையாமல் நான் விழித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் என் சீனியர் வந்து கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பின் உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. அந்த இரண்டு வால்வையும் இன்றுவரை என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் மல்டிமீட்டர். வால்வின் இரண்டு பின்களுக்கும் இடையே ஓம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 7 முதல் 12 ஓம் வரை காட்டும். சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எல்லையில்லை என்று காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, ஏறக்குறைய பூஜ்யம் என்றால் ஷார்ட். இரண்டில் எதுவானாலும் புது வால்வுதான் வழி, யோசிக்க ஒன்றுமில்லை.

அளவு சரியாக இருந்தால் போல்ட்டைக் கழற்றி வால்வை வெளியே எடுக்கலாம். ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பக் கூடாது. உடலைப் பிடித்து இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே இழுத்தால் ‘புளக்’கென்று வந்துவிடும், கூடவே கொஞ்சம் ஆயிலும். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஓ-ரிங், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். அது வால்வோடு வந்திருக்கிறதா, துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டதா? உள்ளே நின்றதைக் கவனிக்காமல் புதியதைச் சொருகினால் அது சரியாக உட்காராது, ஆயில் கசிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும். புகை வரும், தீப்பிடிக்கவும் கூடும்.

அடுத்து, வால்வில் உள்ள சிறு வலைகளை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் பசை அப்பியிருந்தால் அது பழைய ஆயிலின் வேலை. கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த வயரில் ஒரே ஒரு விநாடி மின்சாரம் கொடுத்தால் ‘டிக்’கென்று தண்டு நகர வேண்டும். எடுத்ததும் திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தால் சுருள் வெந்துவிடும். கிளீனர் ஈரம் காய்ந்த பிறகு, திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு இதைச் செய்யட்டும். அந்தத் திரவம் சட்டென்று தீப்பற்றக்கூடியது. தண்டு நகர்ந்து திரும்பினால் பழைய வால்வே போதும். ஓ-ரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பொருத்திவிடலாம். நகரவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது என்றால் புதியதைப் போடுங்கள்.

வலையில் கறுப்புக்குப் பதிலாக வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால், அதாவது உலோகத் துகள், அத்தோடு நிறுத்திவிடுங்கள். அது உள்ளே ஏதோ தேய்கிறது என்பதற்கு அடையாளம். அதற்குமேல் உங்கள் வீட்டு வேலை அல்ல.

பொருத்தும்போது ஓ-ரிங்கில் புது ஆயிலைக் கொஞ்சம் தடவி, கையாலேயே அழுத்தி உட்காரவையுங்கள். போல்ட்டைக் கையால் பல சுற்று ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனர். இறுக்கம் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், பிறகு நிஜமாகவே ஒர்க்ஷாப் செலவு வரும்.

வசதி இருந்தால் ஒரு குறுக்குவழியும் உண்டு. உங்கள் எஞ்சினில் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கும் இதே மாதிரி வால்வு இருந்து, இரண்டின் பாக எண்ணும் ஒன்றாகவே இருந்தால், இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பி0011 போய் எக்ஸாஸ்ட் பக்கக் கோட் வந்தால் குற்றவாளி வால்வுதான். பி0011 அப்படியே நின்றால் வால்வின் மேல் தப்பில்லை. ஆயில் பாதையோ ஃபேஸரோ காரணம். எண் வேறாக இருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஒர்க்ஷாப் ஏமாற்றுகிறதா?

உங்கள் சந்தேகம் புரிகிறது, ஆனால் அதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். காலையில் கடகட சத்தம் வருகிறது என்று நீங்கள் சொன்னதும் செயினைச் சந்தேகித்தது சரியான மெக்கானிக் புத்தி. செயின் தளர்ந்து பல் தாண்டினால், பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வில் இடிக்கும். அதன் செலவோடு ஒப்பிட்டால் இப்போது சொல்லும் தொகை ஒன்றுமே இல்லை. தப்பு எங்கே என்றால், அளக்காமலே ‘மாற்றணும்’ என்று சொன்னதில்.

நீங்கள் சண்டை போட வேண்டாம். மூன்றே கேள்வி கேளுங்கள்: செயின் நீண்டிருப்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஆயிலை மாற்றிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாமா? கழற்றுகிற பழைய பாகங்களை எனக்குத் தருவீர்களா? செலவுக் கணக்கை, பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். ஆயில் மாற்றிய பிறகும் காலைச் சத்தம் தொடர்ந்தால், அல்லது பி0016 வந்தால், அவர் சொன்ன பக்கத்துக்கு நீங்கள் வந்துவிட வேண்டும். தாமதிக்காதீர்கள்.

அதுவரை வண்டியை ஓட்டலாமா? விளக்கு நிலையாக எரிகிறவரை பக்கத்து ஊர், கடைகண்ணி என்று போய்வரலாம். ஆனால் வண்டி நடுவழியில் அணையக்கூடியது. அணைந்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அதனால் விரைவுச்சாலை வேண்டாம். செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பதம் பார்க்கும், ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நிமிடமே எஞ்சினை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு தெரு தூரம்கூட ஓட்டக் கூடாது.

கடைசியாக, ஆன்லைனில் வந்த அந்தப் பெட்டி. மகன் இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்க வேண்டாம். பெட்டியின் மேல் உள்ள பாக எண் உங்கள் எஞ்சினுக்கான எண்தானா என்று பாருங்கள். ஒரே மாடல் வண்டியில் வருடத்துக்கு ஒரு வால்வு மாறியிருக்கலாம். நம்ப முடியாத மலிவு விலைக்கு வந்திருந்தால் போலியாக இருக்கவும் வாய்ப்புண்டு. பில்லை எடுத்து, திருப்பி அனுப்பக் கடைசி நாள் எது என்று இன்றைக்கே பார்த்துவையுங்கள். ஆயில் மாற்றி ஓட்டிப் பார்ப்பதற்குள் அந்த நாள் தாண்டிவிடும் போலிருந்தால், இப்போதே திருப்பிவிடுவது நல்லது. தேவைப்பட்டால் அப்புறம் சரியான எண்ணைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.